மங்கம்மாவை என்னிடம் விட்டுப்போகும் முன்

பாப்பா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை, ஒட்டப்போவதும் இல்லை. உன் அம்மா படிக்கலாம், மாப்பிள்ளை படிக்கலாம், முசிறியிலிருந்து வரப்போகும் சம்பந்தி வீட்டார் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கலாம். நான் பொய் சொன்னது வீடு நிறைய ஆள் இருந்தபோது. அதைத் திருத்துவது மட்டும் உன் காதோடு காதாக என்றால், அது இன்னொரு கோழைத்தனம். வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் புனேவுக்குக் கிளம்புகிறீர்கள். அங்கே வீட்டுக்காரர் எந்தப் பிராணியும் கூடாது என்று சொல்லிவிட்டதால், ஒரு வருஷத்துக்கு மங்கம்மாவை என்னிடம் விட்டுப்போவதென்று முடிவு செய்திருக்கிறாய். என்னைப் பற்றி நீ நம்புகிற ஒரு விஷயத்தை வைத்துத்தான் அந்த முடிவை எடுத்தாய். அந்த விஷயம் உண்மை இல்லை. நீ கிளம்புவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நேற்று மாலை அந்தக் கண்ணாடித் தொட்டி முன்னால் என்னை உட்காரவைத்து, எல்கேஜி பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாய். விளக்கைக் காலை எட்டுக்குப் போட வேண்டும், மாலை ஆறுக்கு அணைக்க வேண்டும். விளக்குக்கு அடியில் இருக்கிற தட்டைக்கல் சுடலாம், ஆனால் வெட்டிவேர்ப் புதர் இருக்கிற அந்தக் கோடி மூலை எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சருகை வாரி வெளியே கொட்டக்கூடாது, அதற்குள் இருக்கிற பொடிப் பூச்சிகள்தான் கழிவைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைத்திருக்கின்றன. வேகவைத்த முட்டை, பரங்கிக்காய்த் துருவல், கீரை, எதை எந்த நாளில் என்று தனித்தனியாகச் சொன்னாய். கரண்ட் போனால் ஈரச் சாக்கை மூடியின் பாதியில் விரிக்க வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் நீ எழுந்துபோய் மாப்பிள்ளையோடு போனில் பேசினாய். "அப்பா பாத்துப்பாங்க, நீங்க கவலப்படாதீங்க. அன்னிக்கு ஒரு தடவ மறந்துட்டாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட மறந்ததில்ல" என்றாய். சமையலறை வாசலில் சொம்பும் கையுமாக நின்றிருந்த எனக்கு அது காதில் விழுந்தது. தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். அம்மா, "காப்பி வேணுமா, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். தலைவலி என்று சொன்னேன். பார்த்தாயா, அதுவும் பொய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மங்கம்மா என்பது ஒரு அரணை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம், தடித்த உடம்பு, அந்த உடம்புக்குப் பொருத்தமே இல்லாத குட்டைக் கால்கள். யாராவது மிரட்டினால் வாயைத் திறந்து நாக்கை நீட்டும். அந்த நாக்கு நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரி நீலம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு துளை போட்ட பெட்டியில் நீ அதைக் கொண்டுவந்தபோது, "நம்ம ஊர் அரணையைப் பிடிச்சு வளக்கறது தப்புப்பா, இது கூண்டுலயே பொறந்த வெளிநாட்டு ஜாதி, கவர்மெண்ட்ல பதிஞ்ச பேப்பர் இருக்கு" என்று என் மூக்குக்கு நேரே காகிதத்தை நீட்டினாய். எனக்குக் காகிதமா முக்கியம்? 'அரணை நக்கினால் மரணம்' என்று கேட்டே வளர்ந்தவன் வீட்டுக்குள், நாக்காலேயே பேர் வாங்கிய அரணையைக் கொண்டுவந்து விட்டால் எப்படி இருக்கும்? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் கேட்டில் நின்று மூடநம்பிக்கையைப் பற்றி வாய்கிழியப் பேசியவன் நான். அன்றைக்கு உன் அறை வாசற்படியைத் தாண்டவில்லை. "ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சத்தம் போட்டேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டே, "போறதுன்னா போங்க. போகும்போது அந்தக் குப்பைய எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள்.

பத்து நாள் தாக்குப்பிடித்தேன். பதினோராம் நாள் நீ தொட்டியை வைத்திருந்த ஸ்டாண்ட் ஆடுவதைப் பார்த்தேன். முப்பது வருஷம் வெல்டிங் வைத்தவனுக்கு ஆடுகிற ஸ்டாண்டைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? இரும்பு ஆங்கிள் வாங்கிவந்து அளந்து வெட்டி, பற்றவைத்து, துருப்பிடிக்காமல் பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். அதன் மேல் நீ ஒரு நிலத்தையே உண்டாக்கினாய். செம்மண், மணல், தேங்காய்நார்த் தூள் எல்லாம் கலந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினாய். பாதி உடைந்த பானையைக் கவிழ்த்துக் குகையாக்கினாய். மாவிலைச் சருகு, கூழாங்கல், ஒரு பக்கம் வெட்டிவேர், இன்னொரு பக்கம் புல். ஆறு மாதத்தில் அதற்குள் பாசி படர்ந்தது, நாம் விதைக்காத ஏதோ ஒரு செடி முளைத்தது. சருகுக்கடியிலிருந்து மங்கம்மா முதலில் மூக்கை மட்டும் நீட்டி, யோசித்து, அப்புறம் மெதுவாக வெளியே வந்து கல்லின் மேல் தட்டையாகப் படுப்பதைப் பார்ப்பதற்கென்றே காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். எனக்கு அது பிடித்துப்போயிற்று, பாப்பா. உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

என் தப்புகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் இந்த நோட்டு பத்தாது. நீ எட்டாவது படிக்கும்போது பாத்ரூமுக்குள் வந்த அரணையைத் துடைப்பத்தால் அடித்துக் கொன்றேன். நீ அறுந்து துடித்த வாலைப் பார்த்து அழுதுகொண்டு நின்றாய். நான் ஏதோ ஊரைக் காப்பாற்றியவன் மாதிரி மார்தட்டிக்கொண்டேன். பதினொன்றாவதில் நீ பயாலஜி கேட்டாய், நான் கம்ப்யூட்டர் என்றேன். மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாய், நான் இறங்கிவரவில்லை. இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற காசில்தான் தொட்டிக்கு விளக்கு வாங்குகிறாய். இவையெல்லாம் உன் முகத்துக்கு நேரே செய்த தப்புகள். நீயும் முகத்துக்கு நேரே சண்டை போட்டாய். ஒருவருக்கொருவர் என்ன செய்தோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இப்போது சொல்லப்போவது அப்படி இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணப்பாறையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல வேலை. அந்தப் பையனின் அத்தை கைகழுவப் போகிறவள் நேரே போகாமல் உன் அறைக்குள் எட்டிப்பார்த்தாள். "ஐயையோ, அரணை!" என்று அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஊற்றிவைத்த காப்பி ஆறியது, ஒருத்தரும் டம்ளரைத் தொடவில்லை. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருந்தியதால்தானே கிளம்பி வந்தார்கள்! அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் போன் பண்ணும்போதெல்லாம், "இன்னும் அந்தப் பல்லிய வெச்சிருக்காளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உனக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. நீ கவலைப்படவில்லை. நான் பயந்துபோயிருந்தேன். உன்னை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்களோ என்று தினம் தினம் பயந்தேன். அந்தப் பயத்தோடுதான் முசிறிக்காரர்கள் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அது மூன்று மாதத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நாள். பத்தரைக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். முன்தினமே உன்னிடம், "அவங்க இருக்கற வரைக்கும் தொட்டிய ஜமுக்காளம் போட்டு மூடி வெச்சிர்றேன் பாப்பா, லைட்டையும் அணைச்சிர்றேன்" என்று கேட்டேன். நீ முகத்தைச் சுளித்துவிட்டு, "ஒரு மணி நேரம்தான்ப்பா, அதுக்கு மேல வேணாம்" என்று ஒத்துக்கொண்டாய். அதோடு விட்டிருக்கலாம். காலையில் நீ பூ வாங்கப் போன நேரத்தில் எனக்குப் புத்தி வேறு மாதிரி போயிற்று. மூடிவைத்தால் யாராவது தூக்கிப்பார்த்துவிட்டால்? இந்த முறையும் ஒரு அத்தை வந்தால்? பாத்ரூமில் வைத்தால் கைகால் கழுவப் போவார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்தால் அவர்கள் வாயே போதும். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று இருந்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். அடியில் ஈரத்துண்டை விரித்து, மங்கம்மாவைத் தூக்கி உள்ளே விட்டேன். அது என் கையில் சாதுவாகத்தான் வந்தது. நாலு வருஷப் பழக்கம், என்னிடம் அதற்குப் பயம் இல்லை. மாடிக்குக் கொண்டுபோய்த் தகரக் கொட்டகைக்குள் வைத்தேன். மணி ஒன்பதே முக்கால். அப்போது கொட்டகைக்குள் சூடு பரவாயில்லை. வந்தவர்கள் அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணியில் கிளம்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். காலித் தொட்டியின் மேல் ஜமுக்காளத்தை இழுத்துவிட்டு, ஒரு பூஜாடியையும் வைத்தேன்.

பத்தரைக்கு அவர்கள் வரவில்லை. டோல்கேட்டில் லாரி ஒன்று கவிழ்ந்து வண்டிகள் நகரவில்லை என்று போன் வந்தது. பதினொன்றானது. போய் அதை எடுத்துக் கீழே கொண்டுவந்துவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். "இதோ பாலத்த தாண்டிட்டோம்" என்று மறுபடி போன். அந்த இதோ பன்னிரண்டு மணி தாண்டித்தான் வந்தது. வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடடா, எமகண்டம் ஆரம்பிச்சிருச்சுங்களே. ஒன்றரை வரைக்கும் பொண்ண வெளிய கூப்பிட வேணாம். பேசிக்கிட்டு இருப்போம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசிய அதே தலை. மங்கம்மா தொட்டிக்குள் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நீ உள்ளறையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாய். நான் கூடத்தில், மாடிப்படிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன்.

வாழை விலையைப் பேசினார்கள். காவிரியில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பேசினார்கள். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்றேன். அம்மா பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தாய்மாமா ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, "மாடிலேந்து ராஜகோபுரம் நல்லாத் தெரியுமாமே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாங்களா?" என்று எழுந்தார். "இப்ப வேணாங்க. தரையில கால் வெக்க முடியாது. கொப்பளிச்சுப் போயிரும்" என்று அவர் கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்தேன். என் வாயால்தான் சொன்னேன், தரையில் கால் வைக்க முடியாது என்று. சொல்லிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு எழுந்தேன். உண்மையிலேயே எழுந்தேன், படிப்பக்கம் இரண்டு அடி வைத்தேன். அம்மா சமையலறையிலிருந்து, "என்னங்க, அவங்கள விட்டுட்டு எங்க போறீங்க?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா, "ஏதாவது வேலை இருந்தா பாருங்கண்ணே, நாங்க இருக்கோம்" என்றுகூடச் சொன்னார்கள். வழி விட்டார்கள், பாப்பா! ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். துணி காய்கிறது, தண்ணீர்த் தொட்டி நிரம்புகிறது, எதையாவது. வாயில் பொய்க்குப் பஞ்சமா எனக்கு? ஆனால் வாளியோடு இறங்கிவந்தால் 'அது என்ன' என்று கேட்பார்களே என்று நின்றேன். "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நடுவில் இலையைவிட்டு எழுந்திருக்க முடியுமா?

ஒன்றரைக்கு நீ காப்பித் தட்டோடு வந்தாய். மாப்பிள்ளை டம்ளரை எடுத்துக்கொண்டு, சிரித்தபடி என்னிடம் கேட்டார், "மாமா, மங்கம்மா எங்க? பாக்கலாமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போனிலேயே அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாய். போட்டோகூட அனுப்பியிருக்கிறாய். எனக்குத்தான் தெரியாது. அப்போதாவது உண்மை வந்ததா? "அத வேற ஒருத்தர்ட்ட குடுத்தாச்சு தம்பி" என்றேன். நீ தட்டோடு அப்படியே நின்றாய். "குடுத்தாச்சா? உள்ளதானேப்பா இருக்கா?" என்றாய். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போனாய். பூஜாடி தரையில் விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அத்தனை பேர் நடுவில், என் முகத்தைப் பார்த்து, "அப்பா, மங்கம்மா எங்க?" என்று கேட்டாய். கையை மட்டும் மேலே காட்டினேன்.

பட்டுப்புடவையோடு நீ அந்தப் படியில் ஓடிய மாதிரி யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. வெறுங்காலோடு அந்தத் தரையில் ஓடினாய். வாளியைத் திறந்தபோது ஈரத்துண்டு சுக்காகக் காய்ந்திருந்தது. மங்கம்மா வாயைத் திறந்தபடி, கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளை உன் பின்னாலேயே ஓடிவந்துவிட்டார். பாத்ரூமில் நீ தரையில் உட்கார்ந்து, "ஜில்லுனு ஊத்தாதீங்க, சாதாத் தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா" என்று சொல்லச் சொல்ல, அவர் குவளையில் மொண்டு மொண்டு கொடுத்தார். உன் புடவை முழுக்க நனைந்துவிட்டது. சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்று எட்டிப்பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இதுக்கா இவ்ளோ ஒளிவுமறைவு? எங்க வாழத்தோப்புல தண்ணி பாய்ச்சப் போனா தெனம் நாலு அரணை கால்ல ஏறி எறங்குது. பாவம், வாயில்லா ஜீவன்" என்றார்கள். எந்த வாய்க்குப் பயந்து நான் அதைச் செய்தேனோ அந்த வாய் அப்படிச் சொல்லிற்று. அரைமணிக்கு மேல் ஆனபின் மங்கம்மாவின் விலாப்பக்கம் லேசாக ஏறி இறங்கியது. நீ அப்போதுதான் அழுதாய்.

அழுதுமுடித்துத் திரும்பி என்னைப் பார்த்து, "ஏம்ப்பா?" என்று ஒரே வார்த்தை கேட்டாய். அதற்குத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "ஒளிச்சு வெச்சது தப்புதான் பாப்பா. ஆனா அவங்க வந்த பரபரப்புல மறந்தே போயிட்டேன். வயசாயிருச்சுல்ல, அரணை புத்தி ஆயிருச்சு எனக்கு." நீ என் தோளைத் தொட்டாய். சாயங்காலம் அம்மா என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டபோது, "திட்டாதம்மா. அப்பா மறந்துட்டாங்க. வேணும்னேவா செஞ்சாங்க?" என்று எனக்காகப் பரிந்து பேசினாய். அன்றிலிருந்து மூன்று மாதமாக அந்த வார்த்தை என்னைத் தின்கிறது. மங்கம்மா பிழைத்துக்கொண்டது. இடது பின்னங்கால் மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. சருகில் அது போன இடத்தில் ஒரு பக்கம் கோடு விழுகிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறேன்.

உண்மை இதுதான். நான் ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை. இரும்பையும் சூட்டையும் தவிர வேறு எதுவும் தெரியாமல் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். கத்திரி வெயிலில் தகரத்துக்கு அடியில் எத்தனை சூடு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பன்னிரண்டேகாலுக்குத் தெரியும். ஒரு மணிக்குத் தெரியும். தெரிந்துதான் பஜ்ஜி தின்றேன். இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஒன்றேகால் இருக்கும், 'இந்நேரம் செத்திருக்கும், இனிமேல் போய் என்ன பிரயோஜனம்' என்று தோன்றியது. அதற்கடுத்து, 'செத்தால் சாகட்டும், இவள் கல்யாணத்துக்கு இருந்த ஒரு இடைஞ்சல் போயிற்று' என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, பாப்பா. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகூட உட்கார்ந்தேன். என்னை நம்பி என் கைக்குள் வந்த உயிர் மேலே வெந்துகொண்டிருந்தபோது. சீ, என்ன மனுஷன் நான்!

கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் அடிபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உன் வீட்டுக் கூடத்திலும் நாளைக்குப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் உனக்கு முக்கியமான ஏதோ ஒன்று உள்ளேயோ மாடியிலோ கெட்டுக்கொண்டிருந்தால், பேச்சுக்கு நடுவில் எழுந்து போ. என்ன நினைப்பார்களோ என்று உட்காராதே. ஏதாவது நினைத்துவிட்டுப் போகட்டும், அரைமணியில் மறந்துவிடுவார்கள். மாப்பிள்ளை அப்படி எழுந்து வரக்கூடியவர் என்று அன்றைக்கே பார்த்துவிட்டேன். உன்னை அவருக்குக் கொடுப்பதில் எனக்கு இருக்கிற ஒரே தைரியம் அதுதான். இன்னொன்று, 'மறந்துட்டேன்' என்கிற சொல்லைக் குடும்பத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. சொன்னதும் எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள். அதனால் அதைச் சொல்வது ரொம்ப சுலபம். உன் வாயில் அது வரும்போது, நிஜமாகவே மறந்தாயா என்று ஒரு தடவை உன்னையே கேட்டுக்கொள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலையில் நான் பஸ் பிடித்து உறையூரில் உன் தோழி வீட்டுக்குப் போய்வந்தேன். காய்கறி வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன், அதையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். அந்தப் பெண்ணிடமும் இரண்டு அரணை இருக்கிறதே, நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மங்கம்மாவை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா அங்கிள்?" என்று கேட்டாள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். சரி என்று சொல்லிவிட்டாள். தொட்டியை மண் கலையாமல், செடி சாயாமல் அப்படியே ஏற்றிக்கொண்டுபோக ஒரு வண்டிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். நீ வேண்டும் என்றால் சனிக்கிழமை வரும், வேண்டாம் என்றால் வராது.

இதைப் படித்ததும் நேரே வந்து கேள். மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் கேள், கத்த வேண்டும் என்றால் கத்து. நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன், எழுந்து ஓடமாட்டேன். உன் தோழியிடம்தான் விடுவேன் என்றால் நானே முன்னால் நின்று ஏற்றி அனுப்புகிறேன், ஒரு சொல் முணுமுணுக்க மாட்டேன். என்னிடம்தான் விடுவேன் என்றால், நீ எழுதச் சொன்னது அத்தனையும் நோட்டில் இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் யாரென்று தெரிந்துகொண்டு விட்டுப்போ. உன் அப்பா மறதிக்காரன் இல்லை. தெரிந்தே உட்கார்ந்திருந்தவன். இப்போது சொல் பாப்பா, விட்டுப்போகிறாயா?

அப்பா